செஸ் நிரல்கள் கொடுக்கும் செல்லாப் பலிகள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் கைப்பேசியில் உள்ள செஸ் நிரலோடு நாள்தோறும் ஆடுகிறான். ஒரு நாள் அந்த நிரல் தன் பிஷப்பைக் கொடுத்து அவனுடைய எச்2 சிப்பாயை வெட்டியது (பலகையின் நெடுவரிசைகள் ஏ முதல் எச் வரை, கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை; இரண்டையும் சேர்த்தால் கட்டத்தின் பெயர்). பையன் நிதானமாகத் தடுத்து ஆடி வென்றான். இரண்டு நாள் கழித்து அதே நிரல் அதே கட்டத்தில் அதே பலியைக் கொடுத்தது. இம்முறை நான்கைந்து நகர்த்தல்களில் பையன் தோற்றான். மூன்றாவது ஆட்டத்தில், தோற்கும் நிலைக்கு வந்துவிட்ட நிரல் யானையையும் பிறகு ராணியையும் சும்மா கொண்டுவந்து வெட்டக் கொடுத்தது. இயந்திரம் இப்படித் தவறு செய்யுமா, அல்லது தன் மகனைச் சோதித்துப் பார்க்கிறதா என்று கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரல் தவறு செய்யும், சோதித்துப் பார்க்காது. பலி என்ற சொல்லே நம்முடையதுதான், அதனுடையது அன்று. அதற்குள் நடப்பது கூட்டல் கழித்தல். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் அதே விலைப்பட்டியலைத்தான் 1950-இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையும் இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்தது. அதன்மேல் காய்களின் நடமாட்டம், ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு போன்றவற்றுக்கும் ஏதோ ஒரு விலை போடப்படும். காய் ஒன்று போனாலும் மொத்தத் தொகை கூடுகிறது என்று கணக்கு சொன்னால் நிரல் கொடுக்கும்; இல்லையென்றால் கொடுக்காது. ஆகவே இயந்திரத்தின் செல்லாப் பலி, அதாவது கொடுத்ததற்கு ஈடு கிடைக்காத பலி, துணிச்சலில் பிறப்பதில்லை. கணக்கு எந்த இடத்தில் நின்றது, காயல்லாத பொருளுக்கு என்ன விலை போடப்பட்டது என்ற இரண்டில் ஏதோ ஒன்று பிசகினால் அது பிறக்கிறது. (குறைந்த நிலைகளில் வேண்டுமென்றே தவறு செய்யும் ஏற்பாடும் உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.)

ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஷ்பீல்மன் பலிகளை இரண்டாகப் பிரித்தார். கொடுத்ததற்கான பலன் சில நகர்த்தல்களிலேயே உறுதியாகத் திரும்பி வந்துவிடுமானால் அது பெயருக்குத்தான் பலி. பலன் எப்போது, எந்த உருவில் வரும் என்று கணக்கிட முடியாமல் கொடுப்பதே உண்மையான பலி. முதல் வகையில் இயந்திரத்தை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவது வகையில்தான் பல பத்தாண்டுகள் அது திணறியது. இந்த வட்டாரத்தில் அந்தத் திணறலை விளக்க எனக்கு ஓர் எளிய வழி உண்டு. மேட்டூரில் சூன் 12-இல் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தியைக் கேட்டதும், அது கல்லணைக்கு வந்து, பிரிந்து, வெண்ணாற்றின் கிளைகளில் இறங்கித் தன் கடைமடை வாய்க்கால் வரைக்கும் வருமா என்று பார்க்காமல், வட்டிக்கு வாங்கி விதை விட்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லணை வரைக்கும் அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு கல்லணையோடு முடிந்துவிட்டது என்பதுதான் பிழை.

இதற்குத் தொடுவான விளைவு என்று பெயர். 1970-களில் இதை விளக்கி எழுதிய ஹான்ஸ் பெர்லினர் கணினி ஆய்வாளர் மட்டுமல்லர், அஞ்சல் வழிச் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்தவரும்கூட. எனவே ஆட்டக்காரரின் கண்ணோடு அந்த நோயைப் பார்க்க அவரால் முடிந்தது. நிரல் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை, அதாவது இத்தனை அரை நகர்த்தல்கள் வரை, பார்த்துவிட்டு அங்கே நிற்கும் நிலையை எடை போடுகிறது. வெள்ளை ஒருமுறை ஆடுவது ஓர் அரை நகர்த்தல், கறுப்பு ஒருமுறை ஆடுவது இன்னோர் அரை நகர்த்தல். அந்த எல்லைக்கு ஓரடி அப்பால் நடப்பது அதைப் பொறுத்தவரை நடக்கவே நடக்காத ஒன்று.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் 1990-களின் தொடக்கத்தில் இப்படி ஓர் இயந்திரம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்துவிட்டுப் போன மின்பலகை. காயை எடுக்கும்போது கட்டத்தை ஓர் அழுத்து, வைக்கும்போது ஓர் அழுத்து. அது பதில் ஆடும்போது பலகையின் ஓரத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள் மினுக்கும், எந்தக் காயை எங்கே வைக்க வேண்டும் என்று; நாம்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். திண்ணையில் நானும் பக்கத்து வீட்டு நண்பரும் மாற்றி மாற்றி ஆடுவோம். ஈ6-இல் இருக்கும் அதன் பிஷப்புக்கு நேரே ஏ2 சிப்பாயைக் காவலில்லாமல் விட்டால் போதும், நாள் தவறாமல் விளக்கு மினுக்கும். அது போய் வெட்டும். நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பி-சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி பி3-இல் வைப்பார். கதவு சாத்தியாகிவிட்டது. பிறகு அவசரமில்லாமல் நாலைந்து நகர்த்தலில் போய் அந்தப் பிஷப்பை எடுத்துக்கொள்ளலாம். அது பலி கொடுப்பதாக ஒருபோதும் எண்ணியதில்லை; இலவசமாக ஒரு சிப்பாய் கிடைத்ததாகவே கடைசிவரை எண்ணியது.

மனிதருக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில், 29-ஆவது நகர்த்தலில், பாபி ஃபிஷர் தன் பிஷப்பால் போரிஸ் ஸ்பாஸ்கியின் எச்2 சிப்பாயை வெட்டினார். ஸ்பாஸ்கி ஜி3 என்று கதவைச் சாத்தினார். அவருடைய ராஜா ஈ2, எஃப்3, ஜி2 என்று நடந்து வந்து பிஷப்பை மடக்கியது. ஃபிஷர் வெட்டியதிலிருந்து பிஷப் உண்மையில் பறிபோனதுவரை எண்ணிப் பார்த்தால் 12 அரை நகர்த்தல்கள். ஆறு அரை நகர்த்தல் ஆழத்தில் நின்றுவிடும் ஒரு நிரலுக்கு அந்த வெட்டு ஒரு சிப்பாய் லாபமாகத்தான் தெரியும். ஃபிஷருக்கு என்ன தெரிந்தது, எதைத் துணிந்தார் என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. நிரல் விஷயத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. ஆழத்தின் எண்ணைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

தொடுவான விளைவுக்கு இன்னொரு முகம் உண்டு, உங்கள் மகனின் மூன்றாவது ஆட்டம் அந்த வகை. எல்லைக்குள் ஓர் இழப்பு வருவது தெரிந்துவிட்டால், அதற்கு நடுவே ஒரு செக்கையோ ஒரு வெட்டையோ நுழைத்து அந்த இழப்பை எல்லைக்கு வெளியே தள்ளிவிட நிரல் முயலும். தள்ளியதும் கண்ணில் படாது. ஆபத்து நீங்கிவிட்டதாக மதிப்பீடு சொல்லும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது கொல்லைப்புறமாகப் போய்விட்டு, கடன் தீர்ந்தது என்று கணக்கெழுதுவது போல. ஐந்து நகர்த்தலில் மேட் (ராஜா தப்ப வழியில்லாத தோல்வி) என்று தெரிந்த நிரல், ஆறு நகர்த்தலில் மேட் ஆவது அதைவிட நல்லது என்ற ஒரே காரணத்துக்காக யானையையும் ராணியையும் கொடுத்துக்கொண்டே போகும். அந்தப் பலிகளில் படிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் இந்த வகையைக் கண்டு அவசரப்பட்டுச் சிரித்துவிடக் கூடாது என்பதற்கு ஓர் ஆட்டம் சாட்சி. 1977-இல் டொராண்டோவில் நடந்த உலகக் கணினிச் செஸ் போட்டியில், முந்தைய சாம்பியனான சோவியத் நிரல் கைசா கறுப்பாகவும், அமெரிக்க நிரல் டச்சஸ் வெள்ளையாகவும் ஆடின. 34-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி ஏ8 கட்டத்தில் வந்து செக் சொன்னது. ராஜா ஜி7-க்கு நகர்ந்துவிட்டால் போதும் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தோன்றியது. கைசாவோ தன் யானையை ஈ8-இல் கொண்டுவந்து குறுக்கே வைத்தது. வெள்ளை ராணி அதைச் சும்மா வெட்டிக்கொண்டது. பார்வையாளர்களில் முன்னாள் உலகச் சாம்பியன் மிகயீல் போட்வின்னிக்கும் இருந்தார். முழு யானையை வாரிக் கொடுத்த இயந்திரத்துக்கு ஏதோ கோளாறு என்றே எல்லோரும் எண்ணினர். ஆட்டம் முடிந்து கைசாவும் தோற்ற பிறகு, ராஜா ஜி7-க்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிரலையே கேட்டார்கள். அது காட்டிய விடை: வெள்ளை தன் ராணியை எஃப்8-இல் கொண்டுவந்து கொடுக்கும்; ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும்; எச்6-இலிருந்து பிஷப்பின் செக்; அடுத்துச் சி8-க்கு யானை வந்தால், கறுப்பு எதை எதைக் குறுக்கே வைத்தாலும் சில நகர்த்தல்களில் மேட். அரங்கத்தில் ஒருவர் கண்ணிலும் படாத ராணிப் பலியை இயந்திரம் பார்த்துவிட்டது. அதைத் தவிர்க்கத்தான் யானையை விட்டது. செல்லாப் பலி என்று நாம் முத்திரை குத்தியது அந்த நிலையில் செய்யக்கூடிய ஒரே ஆட்டமாக இருந்தது. எனினும் கைசாவை முழுமையாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பது மனிதராக இருந்தால், அந்த ராணிப் பலியை அவர் கண்டுபிடிக்கமாட்டார் என்று நம்பி ஜி7-க்குப் போவதே புத்திசாலித்தனம். எதிராளி எல்லாவற்றையும் பார்ப்பான் என்று எடுத்துக்கொள்வது இயந்திரக் கணக்கின் இயல்பு, அதன் குறையும் அதுதான்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன்: விலை. பழைய நிரல்களில் ராஜாவின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் அட்டவணையை மனிதர்களே கையால் எழுதினார்கள். எதிரி ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களை எத்தனை காய்கள் குறிவைக்கின்றன என்று எண்ணி, எண்ணிக்கை கூடக் கூட மதிப்பெண்ணைச் செங்குத்தாக ஏற்றுவார்கள். சிப்பாயை 100 என்று வைத்துக்கொண்டால் பிஷப் 300 சொச்சம். எதிரி ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாய் வேலி உடைந்து, மூன்று காய்கள் சூழ்ந்து நிற்பதற்கு அட்டவணை 340 கொடுக்குமானால், நிரல் யோசிக்காமல் பிஷப்பைக் கொடுக்கும். தாக்குதல் உண்மையில் வெல்லுமா என்பதை அட்டவணை அறியாது. சூழ்ந்து நிற்பதை மட்டும் அது அறியும். சிலர் இதைத் தெரிந்தே செய்தார்கள். 1980-களில் வந்த நோவாக் சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற செஸ் இயந்திரம் இத்தகைய துணிகரப் பலிகளுக்குப் பெயர் பெற்றது. 1990-களில் கிறிஸ் விட்டிங்டன் எழுதிய நிரலோ, பலிகளுக்குப் பெயர்போன முன்னாள் உலகச் சாம்பியன் மிகயீல் டாலின் பெயரையே சூட்டிக்கொண்டு, செஸ் சிஸ்டம் டால் என்று வந்தது. வேகமாக நிறைய நிலைகளைப் பார்ப்பதைவிட ராஜாத் தாக்குதலுக்குத் தாராளமாக விலை போடுவதே அதன் வழி. பிற நிரல்களோடு மோதும்போது அதன் பலிகளில் பலவற்றை எதிரி நிரல் வாயில் போட்டுக்கொண்டு ஏப்பம் விட்டுவிடும். மனிதரோடு ஆடும்போது கதையே வேறு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, ராஜா நடுத்தெருவில் நிற்க, ஒரே ஒரு சரியான பதிலைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. தோல்விக்கு அஞ்சி நாற்பது நகர்த்தலுக்கு யானைகளை நகர்த்திக்கொண்டிருக்கும் நிரலைவிட, தப்பாகப் பலி கொடுக்கும் நிரலோடு ஆடுவதையே நான் என்றும் விரும்பியிருக்கிறேன்.

ஆழமும் விலையும் சேர்ந்து பிசகும் இடம் ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பலியை முறியடிக்கும் ஆட்டம் பெரும்பாலும் செக்காகவோ வெட்டாகவோ இருக்காது. ராணியை ஒரு கட்டம் ஒதுக்குவது, ராஜாவுக்கு ஒரு வழி திறப்பது போன்ற அமைதியான நகர்த்தலாக இருக்கும். நிரல்களோ எல்லையை எட்டியதும் வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்த்துவிட்டு நிறுத்திவிடுகின்றன. அதற்கு முன்னாலும், வெட்டுகளையும் செக்குகளையும் பட்டியலின் தலையில் வைத்து ஆழமாகப் பார்க்கின்றன. வாலில் கிடக்கும் அமைதியான நகர்த்தல்களை ஆழம் குறைத்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்கின்றன. நேரத்தை மிச்சப்படுத்தும் இந்த ஏற்பாடு இல்லாமல் இன்றைய எஞ்சின்களின், அதாவது செஸ் நிரல்களின், வேகமே இல்லை. ஆனால் தற்காப்பின் ஆணிவேரான நகர்த்தல் அந்த வாலில் கிடந்தால், அது தாமதமாகத்தான் கண்ணில் படும்.

அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக 1997-இல் ஐபிஎம் கணினி டீப் ப்ளூ கொடுத்த குதிரையைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. சேர்க்கக் கூடாது. ஆறாவது ஆட்டத்தில் ஈ6-இல் அது குதிரையைக் கொடுத்தது கணக்கிட்டு அன்று. அதற்கு ஊட்டப்பட்டிருந்த தொடக்க ஆட்டப் புத்தகத்திலேயே அந்த நகர்த்தல் இருந்தது. பலியும் செல்லுபடியாகும் பலிதான். காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2017 டிசம்பரில் வெளியான, ஆல்ஃபாசீரோ என்ற நிரலின் ஆட்டங்கள் வேறு ஒரு திருப்பம். சிப்பாய்க்கு இவ்வளவு, யானைக்கு இவ்வளவு என்று யாரும் அதற்கு விலை எழுதிக் கொடுக்கவில்லை. தனக்குத்தானே ஆடி, ஒரு நிலையில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அதுவே கற்றுக்கொண்டது. ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான நிரலோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன், தோல்வி இல்லை. அவற்றில் சிப்பாய்களையும் குதிரைகளையும் கொடுத்துவிட்டு இருபது முப்பது நகர்த்தல்கள் அவசரமின்றிக் காத்திருந்த ஆட்டங்கள் உண்டு. 2020-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அந்த எஞ்சினும் கைஅட்டவணையின் இடத்தில், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நரம்பு வலையமைப்பைக் கொண்டுவந்தது. முழுப் பலத்தில் ஓடும் இன்றைய எஞ்சின் ஒரு காயைக் கொடுத்தால், அதில் பிழை தேடுவதற்கு முன் நம் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது.

சில்லறைக் காரணங்கள் மூன்று மிச்சம். சமனை இழிவாகக் கருதும்படி அமைக்கப்பட்ட நிரல், ஒரே நிலை மூன்று முறை திரும்புவதைத் தவிர்க்கச் சிப்பாயைக் கைவிடும். ஏழு காய்கள் வரையுள்ள முடிவாட்டங்களின் விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணையைப் பார்த்து ஆடும் நிரல், வெற்றி உறுதியான நிலையில் தேவையே இல்லாமல் காயைக் கொடுப்பதுண்டு. ஐம்பது நகர்த்தல் விதியின் எண்ணிக்கையை மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவரும் குறுக்குவழி அது. மூன்றாவது, கைப்பேசியில் நாம் தேர்ந்தெடுக்கும் குறைந்த நிலை. ஸ்டாக்ஃபிஷின் திறன் நிலையைக் குறைத்தால், அது பல நகர்த்தல்களைப் பார்த்துவிட்டு, அவற்றில் மட்டமான ஒன்றை அவ்வப்போது வேண்டுமென்றே எடுக்கும். அங்கே காய் போனால் அது பலியே அன்று, ஆசிரியர் பிள்ளையிடம் தோற்றுக் கொடுப்பது மாதிரி.

இப்போது உங்கள் மகனின் முதல் இரண்டு ஆட்டங்கள். உங்கள் பக்கத்துத் திருப்பூவனூர்க் கோயிலின் இறைவன் சதுரங்க வல்லபநாதர் இளவரசியோடு ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டத்துக்கு எழுதி வைத்த நகர்த்தல்கள் இல்லை. பையன் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறான், அதனால்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. இரண்டிலும் அவன் வெள்ளை. இரண்டிலும் ராஜா ஜி1-இல், யானை எஃப்1-இல், ராணி டி2-இல். எஃப்3-இல் இருக்க வேண்டிய குதிரை வேறெங்கோ போயிருக்கிறது. நிரல் ஆடிய வரிசையும் ஒன்றே: பிஷப் எச்2-இல் வெட்டிச் செக், ராஜா அதை வெட்டுகிறது, குதிரை ஜி4-இல் செக், ராஜா ஜி1-க்குத் திரும்புகிறது, ராணி எச்4-க்கு வருகிறது. இதுவரை ஐந்து அரை நகர்த்தல்கள். எச்2-இல் மேட் காத்திருக்கிறது. ஐந்தோடு கணக்கை நிறுத்தும் நிரலுக்கு இங்கே எல்லாமே பொன்னாகத் தெரியும்.

முதல் ஆட்டத்தில் வெள்ளையின் ஈ-சிப்பாய் ஈ4-இல் இருந்தது, ஈ3 காலி. ஆறாவது அரை நகர்த்தலாக ராணி டி2-இலிருந்து எஃப்4-க்கு வந்து எச்2-ஐக் காத்துவிட்டது. செக்கும் இல்லை, வெட்டும் இல்லை, வாலில் கிடந்த நகர்த்தல். நிரல் ஜி5 என்று ராணியை விரட்ட, அது ஜி3-க்கு ஒதுங்கி ராணிகளை மாற்றிக்கொள்ள அழைத்தது. அத்தோடு தாக்குதல் தீர்ந்தது, ஒரு சிப்பாய்க்குப் பதில் முழு பிஷப் கையில் மிஞ்சியது. இரண்டாவது ஆட்டத்தில் சிப்பாய் ஈ3-இல் நின்றது. ராணிக்கும் எஃப்4-க்கும் நடுவே தன் சொந்தச் சிப்பாயே சுவராக நிற்க, பையன் எஃப்3 என்று குதிரையை விரட்டப் பார்த்தான். எச்2-இல் ராணி மேட் சொல்லிவிட்டது. எஃப்1 யானையை நகர்த்தி ராஜா ஓட வழி விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போராடியிருக்கலாம். நிரலுக்கு இரண்டு நாளும் ஒரே கணக்குதான்.

இதை வீட்டிலேயே சரிபார்க்க, பலி கொடுத்தவுடன் உள்ள நிலையை எஞ்சினில் வைத்து, முழுப் பலத்தில், இரண்டு மூன்று வரிசைகள் தெரியும்படி ஓடவிட்டு, ஆழத்தின் எண் ஏற ஏற மதிப்பீடு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். உடனே சரிந்தால் தொடுவானத் தவறு. நிலையாக நின்றால் பலிக்கு ஈடு இருக்கிறது. பிறகு விடையின் வழியே இரண்டு நகர்த்தல் முன்னே போய், மறுபடி பின்னே வந்து பார்த்தால், எஞ்சின் தன் கருத்தை மாற்றிக்கொள்வதும் உண்டு. பையனிடம் முதலில் கைப்பேசியைக் கொடுக்க வேண்டாம். இரண்டு நிலைகளையும் பலகையில் அடுக்கி, எழுதி வைத்த விடையை மூடிவிட்டு, ஈ-சிப்பாயை ஈ4-இலிருந்து ஈ3-க்கு மாற்றி வைத்து, இப்போது ராணி எங்கே போகும் என்று கேளுங்கள்.